ஈப்போவில் ஏன் இரண்டு 'ப'?

ஆங்கிலத்தில் எழுதினால் ஈப்போ ஊர்ப்பெயரில் 'ப' ஒலிக்கு ஒரே எழுத்து. தமிழில் இரண்டு: புள்ளி வைத்த 'ப்', அதை ஒட்டி 'போ'. மலேசியாவின் பேராக் மாநிலத் தலைநகரை 'ஈபோ' என்று எழுதி வாய்விட்டுப் படித்தால் காரணம் தானே விளங்கும். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தனியாக நிற்கும் வல்லினத்தைத் தமிழ் நாக்கு மென்மையாக்கிவிடும். 'அபாயம்' என்னும்போது வரும் ஒலிதான் அங்கும் வரும். வல்லோசை கெடாமல் இருக்க எழுத்தை இரட்டிக்க வேண்டும். தைப்பிங், தாப்பா, சுங்கை சிப்புட் என்று பேராக்கின் ஊர்ப்பெயர்கள் பல இந்த வழியில்தான் தமிழுக்கு வந்திருக்கின்றன.

ஊருக்குப் பெயர் கொடுத்தது ஒரு மரம். ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் அந்த மரம் ஒன்றை இன்றும் பார்க்கலாம். பட்டையைக் கீறினால் பால் வடியும். ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவிய நஞ்சு அந்தப் பால். தாவரவியலில் அதன் பெயர் 'அன்டியாரிஸ் டாக்ஸிகேரியா'. பின்பகுதியின் பொருளே 'நஞ்சுடையது' என்பதுதான். பேராக்கைப் பிற்காலத்தில் வாழவைத்த இன்னொரு மரமும் பால் வடிக்கும் மரம்தான். ஒரு பால் கொல்லும், இன்னொரு பால் கூலி கொடுக்கும். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்.

அறிவியலைத் தமிழில் எழுதுகிறவருக்கு இப்படிப்பட்ட சொற்களே அன்றாடச் சிக்கல். எந்தச் சொல்லை எடுப்பது, எப்படி எழுத்துக்கூட்டுவது, வழக்குச் சொல்லா, நூல் சொல்லா, பிறமொழி ஒலியை அப்படியே வாங்குவதா, பொருளைப் பெயர்ப்பதா என்பவை பத்திரிகை அலுவலகத்து மேசையில் தீர்க்கப்படும் சின்ன விஷயங்களாகத் தெரியும். பேராக்கின் கதையைப் பார்த்தால், அந்தச் சின்ன விஷயங்களில் உலோகமும் மரமும் நோயும் உயிரும் சம்பந்தப்பட்டிருப்பது புரியும்.

ஈயத்திலிருந்து தொடங்கலாம்.

பேராக்கின் பழைய தமிழர் பேச்சில் 'ஈய லம்பம்' என்றால் ஈயச் சுரங்கம். 'லம்பம்', மலாய்மொழியின் 'லொம்போங்' தமிழ் நாக்கில் பெற்ற வடிவம். லாருட் பகுதியில் முதலில் தொடங்கிய ஈயத் தொழில் 1880களில் கிந்தா பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது. நூற்றாண்டு திரும்பும் வேளையில் உலகத்துக்கு வேண்டிய வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாயா மண்ணிலிருந்து போயிற்று. அதன் பெரும்பங்கு கிந்தாவில் கிடைத்தது. மலாயில் 'பேராக்' என்றாலே வெள்ளி. ஈய மணலின் பளபளப்பைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு.

கிந்தாவில் எடுத்தது வெள்ளீயம், அணு எண் 50. ஆனால் இலங்கையின் தமிழ்ப் பாடநூலில் 'ஈயம்' என்று மட்டும் இருந்தால் அது வேறு உலோகம். அணு எண் 82 கொண்ட, கனமான, உடலுக்கு நஞ்சான காரீயம். ஆக, ஈய லம்பத்தில் வேலை பார்த்தவரின் பேரப்பிள்ளை ஒரு வேதியியல் நூலைத் திறந்தால், தாத்தா தோண்டிய உலோகத்தின் பெயரில் வேறொன்று உட்கார்ந்திருக்கும்.

தவறு தாத்தாவுடையது அல்ல. தமிழ்நாட்டுச் சமையலறையும் அவர் பக்கம்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தை நெருப்பில் நன்றாகக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, புகை கிளம்பும்போதே ஈயத் துண்டை உட்புறத்தில் ஓர் உரசு உரசி, துணிப்பந்தால் சுழற்றித் தேய்ப்பார். கண் இமைக்கும் நேரத்தில் உள்பக்கம் முழுவதும் வெள்ளி போல மின்னும். அந்த ஈயம் வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். 232 பாகை செல்சியஸில் அது உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று வீட்டில் சொல்லி வளர்ப்பார்கள். புளி ரசத்தைக் காரீயப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் நஞ்சு ரசத்தில் இறங்கும். சமையலறையும் சுரங்கமும் ஒரு பொருளில் சொல்ல, பாடநூல் வேறொரு பொருளில் சொன்னால், இடையில் நிற்கிற வாசகருக்கு வரக்கூடிய கேடு வயிற்றில் போய் முடியலாம்.

தமிழின் பழைய அறிவு இங்கே தெளிவாகவே இருந்திருக்கிறது. வெண்மையான ஈயம் வெள்ளீயம், கருமையான ஈயம் காரீயம். நிறத்தை முன்னே ஒட்டினால் குழப்பமே இல்லை. அடுத்த வீட்டுக்காரர்களான மலாய்க்காரர்களும் அச்சாக அதையே செய்திருக்கிறார்கள். வெள்ளீயத்துக்கு 'தீமா பூத்தே', அதாவது வெள்ளைத் தீமா. காரீயத்துக்கு 'தீமா ஈத்தாம்', கறுப்புத் தீமா. அறிவியல் நூல்கள் எழுதும் காலம் வந்தபோது மலாய் வேதியியல் லத்தீனிலிருந்து 'ஸ்டேனம்', 'பிளம்பம்' என்ற இரண்டு பெயர்களை எடுத்துக்கொண்டு ஐயத்தை அடியோடு அகற்றியது. தமிழுக்கு அந்தக் கடன் தேவைப்படவில்லை. அடைமொழியை விடாமல் எழுதினால் போதும். பேராக்கைப் பற்றி எழுதும்போது முதல் இடத்தில் 'வெள்ளீயம், இங்குள்ளவர்கள் ஈயம் என்று சொல்வது' என்று ஒரு முறை இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால், தாத்தாவும் பேரப்பிள்ளையும் ஒரே பக்கத்தைப் படிக்க முடியும். 1938இல் கட்டப்பட்ட, 4,500 டன் எடையுள்ள ஈயக்கப்பல் என்னும் தூர்வாரி ஒன்று பேராக்கின் தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் குளத்தில் நிற்கிறது. 1982இல் அது வேலையை நிறுத்தியது. 1985இல் உலகச் சந்தையில் விலை சரிந்து சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. தொழில் போனாலும் 'ஈய லம்பம்' என்ற சொல் பெரியவர்கள் பேச்சில் தங்கிவிட்டது.

ரப்பரின் கதையில் பெயர்கள் இன்னும் அதிகம்.

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கின் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ இருந்த வளாகத்தில் நடப்பட்டன. அந்தக் காலத்து முதுமரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் வேலிக்குள் பாதுகாக்கப்படுகிறது. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தை வெட்டிச் சாய்க்காமல் பட்டையில் மெல்லிய கீறல் போட்டு, அதே கீறலைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால் பால் வரத்து கூடுகிறது என்று காட்டினார். அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் மலாயாவின் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதும் அதற்காகத்தான்.

வந்தவர்கள் மரத்துக்குப் பெயர் வைத்தார்கள். பால்மரம். மலாயில் பிசினுக்கும் மரப்பாலுக்கும் வழங்கும் 'கெத்தா' அவர்கள் வாயில் 'கித்தா' ஆயிற்று. ஈப்போவுக்குப் 'ப' இரட்டித்தது போல இங்கே 'த' இரட்டித்தது. தோட்ட நிர்வாகத்தின் ஆங்கிலம் வழியாக 'ரப்பர்' வந்தது. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கண விதியைப் பேணுவோர் 'இரப்பர்' என்று எழுதினார்கள். மலேசியத் தமிழ்ப்பள்ளி எழுத்தில் அந்த இகரத்தை இன்றும் பார்க்கலாம். தாவரவியலார் 'ஹெவியா பிரசிலியென்சிஸ்' என்றார்கள். ஒரே மரத்துக்கு ஐந்து பெயர். ஐந்தும் ஐந்து வாசல்கள் வழியாக வந்தவை, ஒன்றையும் பொய் என்று தள்ள முடியாது.

தாவரவியல் பெயரைத் தமிழில் எழுதுவதில் தனித் தொல்லை ஒன்று இருக்கிறது. உலகெங்கும் அறிவியல் இதழ்கள், இரட்டைப் பெயரின் முதற்சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி, இரண்டாவதைச் சிறிய எழுத்தில் எழுதி, இரண்டையும் சாய்வெழுத்தில் அச்சிடும். படிப்பவர் பார்த்த மாத்திரத்தில் இது உயிரினப் பெயர் என்று அறிந்துகொள்வார். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. அச்சுக்கோப்புக் காலத்துத் தமிழ் அச்சகங்களில் சாய்வெழுத்து அரிது. கணினி வந்த பிறகும் சாய்த்த தமிழெழுத்து கண்ணுக்கு இதமாக இல்லை. ஆகவே மேற்கோள் குறிக்குள் போடுவது ஒரு வழி ஆயிற்று. 'ஹெவியா'வில் உள்ள கிரந்த எழுத்தை விரும்பாதவர் 'எவியா' என்று எழுதினால், அதே பெயரை வேறொரு நூலில் தேடுகிறவருக்குப் பாதை மறையும். ஊர்ப்பெயருக்குத் தமிழ் ஒலிமரபைப் பின்பற்றுவது சரி. உலகுக்கெல்லாம் பொதுவான உயிரினப் பெயரில், தேடிக் கண்டுபிடிக்க முடிவதே முதல் தேவை. அங்கே கிரந்தத்துக்கு இடம் கொடுப்பதில் தவறில்லை.

தோட்டத் தமிழ் அறிவியலுக்கு எவ்வளவு அருகே இருந்தது என்பதைப் பால்வெட்டைப் பார்த்தால் புரியும். விடியுமுன் இருட்டிலேயே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கோடு நிரைக்குள் நுழைய வேண்டும். உளியின் முனை பட்டையில் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து இறங்கும். சரிவு சுமார் 30 பாகை. சீவி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இருக்கலாம். ஆழம் கூடி உள்ளே இருக்கும் வளர்படையைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த முறை அங்கே உளி ஓடாது. பால் கோட்டில் வழிந்து மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டும். நேற்றைய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்துக் கூடையில் போட வேண்டும். ஏன் இடமிருந்து வலம்? மரத்துக்குள் பால்குழாய்கள் லேசாகச் சுருண்டு ஏறுகின்றன. அந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஏன் விடியுமுன்? வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய், மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் தளரும். தாவர உடலியல் நூல் சொல்லும் காரணங்கள் இவை. கை அவற்றை ஏற்கெனவே அறிந்திருந்தது. கோடு, மங்கு, நிரை, ஒட்டுப்பால் என்று அதற்கான சொற்களும் தயாராக இருந்தன. 1925இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் வெளியீடுகள் ஆங்கிலத்தில் தோட்டத் துரைமார்களுக்குப் போயின. வெட்டுக்காரரின் சொற்கள் அறிவியல் நூலின் பக்கத்தில் ஏறவில்லை. தமிழுக்கு அது இழப்புதான்.

அறிவியல் தமிழுக்கு விதி வகுக்கும் முயற்சிகள் இதற்கெல்லாம் முன்பே வேறு கரைகளில் தொடங்கியிருந்தன. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் நூல்களைத் தம் மாணவர்களோடு தமிழாக்கினார். சொல் தேர்வுக்கு அவர் வைத்த வரிசை எளிமையானது. முதலில் தமிழில் உள்ள சொல், இல்லையென்றால் வடமொழி, அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் தமிழில் கலைச்சொல் ஆக்குகிறவர்கள் ஏறக்குறைய அதே மூன்று படிகளில்தான் ஏறி இறங்குகிறார்கள். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்து இதழ் நடத்தினார்கள். பின்னர் தமிழ்நாடு ஒரு வழியிலும் இலங்கை ஒரு வழியிலும் போயின. சென்னையில் 'ஆக்சிஜன்', 'பிராணவாயு', 'உயிர்வாயு' என்று பல சொற்கள் புழங்கிக்கொண்டிருக்க, இலங்கையில் அரசுக் குழுக்கள் ஒலிபெயர்ப்பைக் கறாராகத் தமிழ் இலக்கணத்துக்கு உட்படுத்தி 'ஒட்சிசன்', 'ஐதரசன்', 'காபன்' என்று நிலைநிறுத்தின.

மலாயாவுக்கு இரண்டு கரைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தோட்டத்துப் பால்மரக்காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். தோட்ட அலுவலகத்திலும் ரயில்வேயிலும் மருத்துவமனைகளிலும் யாழ்ப்பாணத்துக் கிராணிகளும் டிரசர்களும். சுரத்துக்குக் கொயினா கொடுத்தவர் ஒரு தமிழ் பேசினார், வாங்கிக் குடித்தவர் வேறொரு தமிழ் பேசினார். ஒரே தோட்டத்து மருந்தறையில் இரண்டு அறிவியல் தமிழ்கள் சந்தித்துக்கொண்டன என்று சொன்னால் மிகையாகாது.

பள்ளிக்கூடத்தில் மூன்றாவது தமிழ் ஒன்று உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதித் தொழிலாளர் சட்டங்கள் பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொல்லின. ஆயா கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தொடங்கிய அந்தப் பள்ளிகளின் வழிவந்தவையே இன்று நாட்டில் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை. அவற்றில் மிக அதிகமானவை பேராக்கில் இருக்கின்றன. எண்ணிக்கை 130க்கு மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்த பிறகும் பள்ளிகள் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. செம்பனை என்ற சொல்லே இந்நாட்டுத் தமிழர் ஆக்கியது. தமிழ்நாட்டில் அதை எண்ணெய்ப் பனை என்பார்கள். பழக்குலையின் செந்நிறத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் அந்தச் சொல் தோன்றும்.

பள்ளிப் பாடநூல்கள் 'உயிர்வளி', 'கரிவளி' என்ற வழியை எடுத்தன. தாவரம் கரிவளியை உள்ளிழுத்து உயிர்வளியை வெளிவிடுகிறது என்று ஆறாம் ஆண்டுக்குள் பிள்ளை படித்துவிடும். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பாடம் மலாயில். அங்கே 'ஒக்சிஜென்', 'கார்போன் டியோக்சிடா'. மலாய்மொழியும் இந்தோனேசியாவோடு சேர்ந்து 1972இல் எழுத்துக்கூட்டலைப் பொதுவாக்கி, 1975இல் கலைச்சொல் ஆக்க வழிகாட்டி வெளியிட்டுத் தனக்கென ஓர் ஒழுங்கை அமைத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் தமிழ்ப்பிள்ளைக்கும் ஒலியையே முதலிலிருந்து கற்றுக்கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பத்து வயதில் முதல் முறையாக ஒரு வளியைப் பற்றிக் கேள்விப்படும் பிள்ளைக்கு 'உயிர்வளி' என்ற சொல்லே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது. ஒலிப்பெயரை அதன் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் பிள்ளை இரண்டையும் வாங்கிக்கொள்ளும். ஒன்றைத் துறந்துதான் மற்றதைப் பெற வேண்டும் என்பதில்லை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது இந்தச் சொற்கள் வகுப்பறையில் பின்னுக்குப் போயின. 2009 ஜூலையில் அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவு வந்தது. 2012 முதல் தமிழ் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்த பிள்ளைகள் பலருக்கு உயிர்வளி கேள்விப்படாத சொல்.

அந்தப் பாடநூல்களில் அரிய செல்வம் ஒன்று இருக்கிறது. அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்ற தலைப்பில் பிள்ளைகள் மனப்பாடமாகவே சொல்லும் பட்டியல். உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், முன் அனுமானித்தல், கருதுகோள் உருவாக்குதல், பரிசோதனை செய்தல் என்று அது போகும். உற்றறிதல் கண்ணாலும் காதாலும் மூக்காலும் தோலாலும் நாவாலும் பெற்றது. ஊகித்தல் அதற்குச் சொல்லும் விளக்கம். கருதுகோள் சோதித்துப் பார்க்கக் காத்திருக்கும் கூற்று. வாடிய செடியின் படத்தைக் காட்டி 'உன் உற்றறிதல் என்ன' என்று கேட்டால், 'தண்ணீர் ஊற்றவில்லை' என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்காது. 'இலைகள் வாடியுள்ளன' என்பதே உற்றறிதல். தண்ணீர் ஊற்றாதது ஊகம். பார்த்தது வேறு, நினைத்தது வேறு. அறிவியலைப் பற்றி எழுதும் எந்தப் பத்திரிகையும் தன் கைநூலின் முதல் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தகுந்த வேறுபாடு அது.

ஈப்போவுக்குப் பக்கத்தில் அந்த வேறுபாட்டுக்கு ஒரு பெரும் சோதனை வந்தது.

1998 செப்டம்பரிலிருந்து ஈப்போவை அடுத்த தம்புன், உலு பியா, அம்பாங் பகுதிகளின் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். தலைவலி, மயக்கம், சிலருக்கு நினைவிழப்பு, சாவு. சில நோயாளிகளின் ரத்தத்தில் ஜப்பானிய மூளையழற்சிக்கான எதிர்ப்பொருள் தென்பட்டது. அந்த நோயைப் பரப்புவது கொசு, அதன் கிருமி பெருகுவது பன்றியில். பன்றி இருக்கிறது, மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது, ரத்தத்திலும் ஓர் அடையாளம் கிடைத்துவிட்டது. எல்லாம் பொருந்தியது போலவே தெரிந்தது. 'ஜேஇ' என்ற இரண்டு எழுத்துகள் நாடெங்கும் எல்லா மொழிகளிலும் பரவின. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

உற்றறிந்தவை வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன. ஜப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வளர்ந்த ஆண்கள், பன்றியோடு நேரடியாக வேலை செய்தவர்கள். பண்ணை வைத்திருந்த சீனர்களும் அவர்களிடம் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களும். கொசு எல்லாரையும்தானே கடிக்கும்? பக்கத்துக் கிராமத்தில் பன்றி வளர்க்காத மலாய்க்காரர்களுக்கு ஏன் வரவில்லை? தடுப்பூசி போட்டவர்களும் ஏன் விழுந்தார்கள்? ஜப்பானிய மூளையழற்சியில் பன்றிக்குப் பெரிதாக நோய் காணாது. இங்கே பன்றிகள் நாய் குரைப்பது போலப் பெருஞ்சத்தத்தோடு இருமிச் செத்துக்கொண்டிருந்தன. அந்த இருமலை வைத்தே பண்ணைக்காரர்கள் நோயைத் தூரத்திலிருந்து அடையாளம் கண்டார்கள்.

விலை விழுந்ததும் பன்றிகளை விற்றார்கள். அவை லாரிகளில் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போயின. நோயும் கூடவே போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் மருத்துவர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து அதுவரை அறியப்படாத வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க ஆய்வகங்கள் உறுதி செய்தன. அதன் பிறகுதான் கொசுவை விட்டுப் பன்றியைப் பிடித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டன. மலேசியாவில் நோய் கண்டவர்கள் 265 பேர். இறந்தவர்கள் 105 பேர். வைரஸின் இயல்பான இருப்பிடம் பழந்தின்னி வௌவால். தொழுவத்தை ஒட்டி நின்ற பழமரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றிருக்கிறது என்பது பின்னர் ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

அந்த ஆறு மாதமும் 'ஜேஇ' என்பது ஊகமாக இருந்தது. அதை எழுதியதும் படித்ததும் உற்றறிந்த உண்மையாக. ஆய்வகத்தின் பிழையை எழுதுகிறவர் தடுத்திருக்க முடியாது. ஆனால் உறுதியின் அளவைச் சொல்லில் காட்டுவது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. தமிழில் அதற்கு நயமான கருவிகள் உண்டு. 'வந்திருக்கிறது' என்பதும் 'வந்திருக்கிறதாம்' என்பதும் 'வந்திருக்கலாம்' என்பதும் 'வந்திருக்க வேண்டும்' என்பதும் நான்கு வேறு நிலைகள். பேச்சில் ஒரு பாட்டிகூட இவற்றைக் கலக்கமாட்டார். செய்தித் தமிழுக்குப் போனதும் நான்கும் ஒரே 'வந்துள்ளது' ஆகிவிடுகின்றன. 'கிருமி' என்ற சொல்லிலும் அதே மங்கல். பாக்டீரியாவும் வைரஸும் ஒட்டுண்ணியும் எல்லாமே கிருமி. பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது என்பதை அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு விளக்குவது கடினம். பெயரைக் கூராக்கினால்தான் மருந்தும் கூராகப் போய்ச் சேரும்.

வைரஸைப் பிரித்தெடுத்த நோயாளி நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தைச் சேர்ந்தவர். அதனால் அது நிப்பா வைரஸ் ஆயிற்று. நோய் முதலில் தெரிந்தது பேராக்கில், பெயர் போனது நெகிரி செம்பிலானின் ஒரு சிற்றூருக்கு. ஓர் ஊரின் பெயர் உலக அகராதியில் மரணத்தோடு சேர்ந்துவிட்டால் அந்த ஊர்க்காரர் எங்கே போனாலும் அது கூடவே வரும். 2015 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊர், ஆள், விலங்கு, தொழில் இவற்றின் பெயரை வைக்க வேண்டாம் என்று வழிகாட்டி வெளியிட்டது. 2020 பிப்ரவரி 11இல் புதிய கொரோனா நோய்க்கு 'கோவிட்-19' என்று ஊரில்லாத பெயர் வைத்தது அந்த வழிகாட்டியின்படிதான். மலேசியத் தமிழர்களில் சிலர் அந்த வைரஸைக் 'கோறனி நச்சில்' என்று எழுதினார்கள். தமிழ்நாட்டில் 'தீநுண்மி' என்ற சொல் அச்சேறியது. இரண்டும் உழைத்து ஆக்கிய சொற்கள். ஆயினும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருந்த வாரங்களில், மருந்தகத்திலும் மருத்துவமனை வாசலிலும் எல்லாரும் சொன்னது 'கோவிட்'. அவசர காலத்து அறிவிப்பில் மக்கள் வாயில் உள்ள சொல் முதலில் வர வேண்டும். புதுச்சொல் பிறகு நிதானமாகப் பக்கத்தில் வந்து உட்காரலாம்.

2018 மே மாதத்தில் கேரளத்தில் அதே வைரஸ் தலைகாட்டியது. தமிழ்நாட்டு இதழ்களும் தொலைக்காட்சிகளும் அதை 'நிபா' என்று எழுதின. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பெயர்த்தது தெரிகிறது, ஒரே ஒரு 'ப'. தமிழ் முறைப்படி படித்தால் அதில் வல்லோசை இல்லை. ஈப்போக்காரர் எழுதியிருந்தால் இரட்டித்திருப்பார். தம் ஊர்ப்பெயரிலேயே அந்த விதியோடு வளர்ந்தவர்.

தமிழில் 'நிப்பா' என்று எழுதினால், பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லாத காரணத்தால், கிராமமும் வைரஸும் அவற்றுக்கு முன்பிருந்தே அந்தப் பெயரைத் தாங்கிய பனையும் ஒரே மாதிரி தெரியும். உப்பங்கழிகளிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் சேற்றுக்குள் அடிமரத்தை மறைத்துக்கொண்டு, நீளமான மட்டைகளை மட்டும் மேலே நீட்டி வளரும் பனை அது. பேராக் ஆற்றின் முகத்துவாரத்திலும் இருக்கிறது. அதன் ஓலையைக் குச்சியில் மடித்துத் தைத்து வரிசையாக அடுக்கினால் அத்தாப்புக் கூரை. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வருமுன் மலாயாவின் தோட்டத்து லயங்கள் பலவற்றுக்கு அதுதான் கூரை. அதன் கீழே படுத்துத் தூங்கியவர்கள், விடியுமுன் எழுந்து, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, பிரட்டுக்களத்துக்கு நடந்தார்கள்.